கவ்வாத்துப் பூசையில் மாசிக் கருவாடு: உங்கள் வீட்டுப் பாட்டிமாரும் வைத்தார்களா?

சேரம்பாடிப் பேரன்:

அனைவருக்கும் வணக்கம். கூடலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. முன்பின் ஆகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, போன ஐப்பசியில் காலமானார். வயது எண்பத்தாறு. பிறந்தது இலங்கையில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). 1974-இல் தாத்தா, என் அப்பா, அத்தை ஆகியோரோடு கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரியில் உள்ள சேரம்பாடிக்கு அனுப்பப்பட்டார். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது, அத்தைக்கு மூன்று. எங்களை அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதுவார்கள். பஸ்ஸில் சிலோன்காரர்கள் என்பார்கள். அப்பாயி இரண்டையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "திரும்பி வருவதற்கு நான் எப்போது இங்கிருந்து போனேன்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார், அதுவும் குடும்ப அட்டைக்குக் கையெழுத்து வாங்க வந்த பையனிடம். அவன் பாவம், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஐம்பது வருடம் இங்கே இருந்தும் அவருடைய பேச்சு கப்பலை விட்டு இறங்கவே இல்லை. ரயில் என்றால் கோச்சி, ரொட்டிக்கடை ரொட்டி என்றால் பாண், வாசல் திண்ணை இஸ்தோப்பு, அறை காம்பரா. பந்தலூர் கடையில் போய் "ஒரு றாத்தல் வெங்காயம்" என்பார். கடைக்கார இக்கா மறுபேச்சில்லாமல் அரைக் கிலோ நிறுத்துக் கொடுப்பார். இருவருமே அதில் திருப்தியாக இருந்தார்கள், நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை.

தேநீரில் சீனி கலக்க மாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத் தண்ணீரைக் குடிப்பார். காலையில் தேங்காய்ப் பூ போட்ட கனமான கோதுமை ரொட்டியும், மிளகாய் இடித்துச் செய்யும் கட்டச்சம்பலும். அந்தச் சம்பல் அவரோடு போய்விட்டது. என் மனைவி மிக்சியில் அரைத்துப் பார்த்தாள், வரவில்லை. ஒரு துண்டு ரொட்டியைக்கூட வீணாக விடமாட்டார். 1973-இல் தோட்டங்களில் வந்த பஞ்சத்தில் மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவர். காய்ந்த ரொட்டியை இடித்து வெல்லம் போட்டுக் கொடுப்பார். நாங்கள் அதைப் பலகாரம் என்று நம்பி வளர்ந்தோம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

தேயிலையில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையாகக் கவ்வாத்து வெட்டுவார்கள், அதாவது செடியின் கிளைகளைக் கழித்துக் குட்டையாக்குவார்கள். எங்கள் குடியிருப்பை ஒட்டிய மலைகளில் கவ்வாத்து தொடங்கும் நாளில் அப்பாயி ஒரு பூசை செய்வார். பாதை திரும்பும் இடத்தில், மேல் வரிசையில் மூன்றாவது தேயிலைத் தூர். அதன் அடியில் கைப்பிடி அளவு ஒரு கல். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, தாத்தாவின் கவ்வாத்துக் கத்திக்கும் கல்லுக்கும் பொட்டு வைத்து, இலையில் ரொட்டி, பொரிகடலை, வெற்றிலை பாக்கு, ஒரு தம்ளர் தேத்தண்ணி. தேங்காய் உடைப்பார். ஒரு மூடி சாமிக்கு. இன்னொரு மூடியையும் விரல் நீள மாசிக் கருவாட்டுத் துண்டு ஒன்றையும் இலையில் சுற்றித் தூரின் வேருக்கு அருகே ஒரு சாண் குழி தோண்டி மூடிவிடுவார். உதடு அசையும், சத்தம் வராது. பிறகு அந்தக் கத்தியால் ஒரே ஒரு கிளையை வெட்டிவிட்டு நகர்வார், அதன் பிறகுதான் ஆட்கள் இறங்குவார்கள். மறுநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டுத் தோண்டச் சொல்வார். மண் ஒட்டிய தேங்காய் மூடி கிடைக்கும், கழுவித் தின்போம். மாசி பெரும்பாலும் இருக்காது. "கீரி தின்றிருக்கும்" என்பார்.

எனக்குப் புரியாதது அந்த மாசி. பூசை நாளில் வீட்டில் முட்டைகூட உடைக்க விடாதவர், கருவாட்டை மட்டும் எப்படிக் கொண்டு போனார்? சிறுவயதில் கேட்டதற்கு, "மாசி என்ன கவுச்சியா? அது கட்டை" என்றார். உண்மைதான், கூடலூர் கருவாட்டுக் கடையில் வாங்கி வரும் மாசியை அம்மிக் குழவியால் அடித்தாலும் உடையாது. ஆனாலும் அது மீன்தானே.

வரும் சித்திரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலாம் நம்பர் மலை கவ்வாத்துக்கு வருகிறது. அப்பாயி இல்லாமல் முதல் முறை. அப்பா "அம்மாவோடு போகட்டும், விடு" என்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை தினமும் போன் செய்து, "செய்யாவிட்டால் சாமி கோபிக்கும்" என்கிறார். என் மகளுக்கு எட்டு வயது, அவளுக்குத் தோண்டுவது எப்போது என்பது மட்டும்தான் கவலை. உங்களில் யார் வீட்டிலாவது இந்த வழக்கம் இருந்ததா? மாசி எதற்கு? என்ன சொல்லிக் கும்பிட வேண்டும்?

கோத்தகிரி ஓய்வாசிரியர்:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் பழைய ஞாபகங்கள் வந்துவிட்டன. நானும் அந்தக் கப்பலில் வந்தவன்தான், உங்கள் குடும்பத்துக்கு மூன்று வருடம் முன்னால்.

முதலில் சாமி. இதற்குக் கவ்வாத்துச் சாமி என்று பெயர். இலங்கை மலையகத் தோட்டங்களில் பரவலாக இருந்த வழிபாடு. கோயிலும் கிடையாது, பூசாரியும் கிடையாது, வேலை தொடங்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டால் அதுவே சாமி. தேயிலை ஆலையில் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்போம், அதற்கும் ஒரு காவல் உண்டு, ரோதை முனி. கத்தியும் சக்கரமும் கையை எடுத்துவிடும் தொழில் இது. ஊரில் விட்டு வந்த முனியாண்டியை ஆலைக்குள்ளும் கவ்வாத்து மலைக்கும் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் மந்திரம் எது என்று தேடாதீர்கள். "யாருக்கும் கத்தி படக் கூடாது" என்று சொன்னால் போதும், எங்கள் தகப்பனார் அதைத்தான் சொன்னார்.

ஆனால் கவ்வாத்து ஆண்கள் வேலை, பூசையும் கங்காணியோ (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) மூத்த ஆணோதான் செய்வது. உங்கள் அப்பாயி செய்தார் என்பது எனக்குப் புதிது. தாத்தா முன்னாலேயே தவறிவிட்டாரா?

இன்னொன்று, இது உங்கள் கேள்விக்கு வெளியே. மண்டபம் முகாம் என்றீர்கள். எங்கள் தாத்தா 1920களில் இலங்கைக்கு ஆள் கட்டிப் போனபோது அவரை அடைத்து வைத்து, குளிப்பாட்டி, மருந்தடித்து, நோயில்லை என்று பார்த்து அனுப்பியது அதே மண்டபம் முகாம்தான். அது இலங்கை அரசு வைத்திருந்த முகாம். அரை நூற்றாண்டு கழித்து அவருடைய பேரன் நான் அதே வளாகத்தில் வரிசையில் நின்று போர்வை வாங்கினேன். 1948-இல் இலங்கையில் எங்கள் ஆட்களுக்குக் குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் அங்கேயே என்று பிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் அண்ணன் அந்தக் கணக்கில், நான் இந்தக் கணக்கில். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கணக்குப் பாடம் என்று நினைக்கிறார்கள்.

மாசி பற்றி எனக்கு விளக்கம் இல்லை. எங்கள் வீட்டில் சேவல்தான். வேண்டுமானால் காமன் கூத்தைப் பற்றிக் கேளுங்கள், ரதி வேடம் கட்டி ஒப்பாரி வைத்தவன் நான், இரவு முழுக்கச் சொல்வேன்.

துறையூரான்:

கருவாடு எந்தப் பூசைக்கும் ஆகாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தோன்றுவது இதுதான்: முன்னோர் மாசி மாதம் செய்த பூசையாக இருக்கும். 'மாசிப் பூசை' என்று வாய்வழியாக வந்து, கடல் கடந்த இடத்தில் அர்த்தம் மறந்து மாசிக் கருவாடாக மாறிவிட்டது. உங்கள் பூர்வீகம் திருச்சிப் பக்கமாக இருந்தால் சொந்த ஊருக்கு வந்து குலதெய்வத்துக்கு முறைப்படி பொங்கல் வையுங்கள். அங்கே பழகியதை இங்கே தூக்கிச் சுமக்க வேண்டாம்.

சேரம்பாடிப் பேரன்:

ஐயா (கோத்தகிரி), ஆமாம், தாத்தா 1986-இல் தவறிவிட்டார். நான் பார்த்ததில்லை. அதன் பிறகு கத்தியை அப்பாயி எடுத்துக்கொண்டார். அதைத் தடுத்துப் பேச அப்போதும் எவருக்கும் தைரியம் இருந்திருக்காது.

துறையூர் அண்ணா, பூர்வீகம் முசிறிப் பக்கம் என்று கேள்வி. 1974-இல் தாத்தா தேடிப் போனார். பங்காளிகள் நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குலதெய்வம் எது என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டதாம். மற்றபடி மாசி மாதம் என்ற உங்கள் யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு மாசி காதால் கேட்டது இல்லை, மூக்கால் அறிந்தது.

மஸ்கெலியாக்காரி:

தம்பி, நான் மஸ்கெலியாவில் இருந்தே எழுதுகிறேன். உங்கள் அப்பாயி நடந்த பழைய டவுன் இப்போது இல்லை. மௌசாகலை அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயில் மேலே தெரியும், போய்ப் பார்த்துவிட்டு வருவோம். உங்கள் அப்பாயி அங்கே கும்பிட்டிருப்பார்.

மாசி சங்கதிக்கு வருகிறேன். இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். "தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடக்கும், தோண்டி எடுத்துத் தின்னலாம்" என்று சொல்லித்தான் ஆள் கட்டும் கங்காணிமார் ஊரூராகப் போய் நம் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். மழை பொய்த்த ஊரில் கூழுக்கு வழியில்லாமல் கிடந்தவர்களுக்குத் தேங்காய் என்றால் என்ன, மாசி என்றால் என்ன என்று யோசியுங்கள். மாசி மாலைதீவில் இருந்து கப்பலில் வருகிற சரக்கு, காசுள்ளவர் வீட்டுச் சம்பலில் விழுவது. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, பல பேரை வழியில் புதைத்துவிட்டு வந்து பார்த்தால், தூருக்கு அடியில் அட்டைதான் இருந்தது. இரத்தம் குடிக்கிற அட்டை. இன்றைக்கும் எவராவது ஆசை காட்டிப் பேசினால், "ஓமோம், தேங்காயும் மாசியும்" என்று சிரிப்போம்.

உங்கள் அப்பாயி அதே தேங்காயையும் மாசியையும் தூருக்கு அடியில் வைத்திருக்கிறார். அதோடு விட்டாரா? மறுநாள் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தோண்டவும் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை விளையாட்டு என்று நினைத்து ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன், அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது. இங்கே இத்தனை தோட்டத்தில் இப்படி ஒருவரும் செய்து நான் கண்டதில்லை. அது சாமிக்குச் செய்ததுதானா என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கட்டச்சம்பலுக்கு மிக்சி உதவாது. செத்தல் மிளகாயையும் (காய்ந்த மிளகாய்) உப்பையும் முதலில் உரலில் இடியுங்கள், பிறகு மாசி, கடைசியில் சின்ன வெங்காயம். வெங்காயம் நசுங்க வேண்டும், அரையக் கூடாது. தேசிக்காய்ப் புளியை (எலுமிச்சைச் சாறு) உரலை விட்டு எடுத்த பிறகு விடுங்கள்.

பந்தலூர்வாசி:

எல்லாம் சரி, விடிகாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தோண்டப் போகாதீர்கள். இந்தப் பக்கம் யானை நடமாட்டம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். எட்டு மணிக்கு மேல், ஆட்கள் இறங்கிய பிறகு போங்கள்.

கரையோரத்தான்:

கூடலூரில் மாசி எந்தக் கடையில் கிடைக்கிறது? ஊட்டியில் தேடிச் சலித்துவிட்டேன்.

சேரம்பாடிப் பேரன்:

பழைய பஸ் நிலையம் பக்கம் கருவாட்டுக் கடைகளில் கேளுங்கள். லட்சத்தீவு மாசி, கோழிக்கோடு வழியாக வருகிறது. எப்போதும் இருக்காது, சொல்லி வைக்க வேண்டும்.

சேரம்பாடிப் பேரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் போட்டவர்கள் காத்திருந்திருப்பீர்கள், மன்னிக்கவும். கோடையில் தண்ணீர் மோட்டார்கள் வரிசையாகக் கருகும், எனக்கு அதுதான் சீசன்.

மஸ்கெலியா அக்கா எழுதியதை அன்று இரவே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது எனக்குத் தெரியும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ சாமியைப் பற்றிக் கேட்டாய். இது சாமி இல்லையே" என்றார். எங்கள் அப்பா அப்படித்தான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியது இது. அப்பாயிக்கு ஓர் அப்பாயி இருந்தார். ஏழெட்டு வயதில் முசிறியில் இருந்து நடந்தே போனவர். லயத்தில் இறங்கிய மறுநாள், பெரியவர்கள் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போன நேரத்தில், அந்தப் பிள்ளை தூர் தூராகக் கையால் தோண்டியிருக்கிறது. கங்காணி சொன்னதை நம்பித்தான். ஒரு வரிசை முழுக்கத் தோண்டிய பிறகு கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டார். வேரைக் கெடுத்ததற்கு அடி, அந்த வீட்டு ஆளுக்கு அன்று அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழுந்ததாம். லயமே சிரித்தது. அதன் பிறகு சாகும் வரை 'தோண்டினவள்' என்றுதான் அந்த அம்மாவுக்குப் பெயர். அவரும் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாராம்.

இங்கே வந்த பிறகு, காட்டை வெட்டி நட்ட கன்றுகளுக்கு 1977-இல் முதல் கவ்வாத்து. தாத்தா கல் நட்டு, ரொட்டி வைத்து, முறைப்படி கும்பிட்டிருக்கிறார். அதில் மாசி இல்லை. அன்று இரவு அத்தை, அப்போது ஆறு வயது, "இந்தத் தேயிலைக்கு அடியிலாவது தேங்காய் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாயி பதில் சொல்லவில்லை. எல்லோரும் படுத்த பிறகு எழுந்து, சாமிக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடியையும், தலைமன்னாரில் கோச்சியை விட்டு இறங்கி வாங்கியதில் மிஞ்சியிருந்த கடைசி மாசித் துண்டையும் எடுத்துக்கொண்டு போனதை அப்பா போர்வைக்குள் இருந்து பார்த்திருக்கிறார். காலையில் அத்தையைக் கூப்பிட்டு, "போய்த் தோண்டிப் பார்" என்றாராம்.

அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும், மாசி வாங்கிவிட்டாயா? சாமி கோபிக்கும்" என்றார்.

போன வாரம் நாலாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்கியது. இப்போது மெஷின் கவ்வாத்து, பெட்ரோல் எஞ்சின். ஜார்க்கண்டில் இருந்து வந்த பையன்கள்தான் பிடிக்கிறார்கள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு பையன் ஏற்கெனவே எஞ்சினைக் கிளப்பிவிட்டான். கல்லையும் மஞ்சளையும் பார்த்ததும் அவனே அணைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். யாருக்கும் கத்தி படக் கூடாது என்று சொன்னேன், ஐயா சொன்னதைத்தான். அப்பாயி உதட்டுக்குள் என்ன சொன்னார் என்பது மட்டும் அப்பாவுக்கும் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்ன அப்பா, வீட்டு வாசலில் நின்று, மூன்றாவது தூர் அது இல்லை, அடுத்தது என்று அங்கிருந்தே கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு மேல் மகளைக் கூட்டிக்கொண்டு போனால், இரவில் காட்டுப்பன்றி வந்து தூரைச் சுற்றி உழுது போட்டிருக்கிறது. தேங்காய் மூடியும் இல்லை, மாசியும் இல்லை. இலையில் ஒரு கிழிசல் மட்டும் கிடந்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இது வேறு தூர், நான் சரியாகப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ வீட்டில் இரு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். தேங்காய் வாங்கி, கடை வாசலிலேயே உடைத்து, மீதி மாசியில் ஒரு துண்டை நறுக்கி, அடுத்த வரிசையில் புதைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

ஒரே நிமிடத்தில் தோண்டி எடுத்துவிட்டாள். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் இன்னும் தண்ணீர் ஈரம் காயவே இல்லையே" என்றாள்.

மாசியும் இருக்கும், தோண்டு என்றேன்.